கணினி கேள்வி–பதில்: 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி: அண்மையில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை வாங்கி, 2013-இல் வாங்கிய கிராபிக்ஸ் கார்டுடன் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்திருக்கிறேன். படம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மவுஸ் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்கிறது. விண்டோஸில் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கப்படுவதற்கு) மேல் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கார்டுக்குத் திறன் போதாது, புதியது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். கார்டில் இரண்டு டிவிஐ, ஓர் எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளேபோர்ட் உள்ளன. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். விளையாட்டுகளை 4கேயில் ஓட்டுவதற்குத்தான் கார்டின் கணக்கிடும் திறன் வேண்டும்; எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் 60 ஹெர்ட்ஸ் காட்டுவதற்கு உங்கள் கார்டே போதும். தடை இருப்பது நீங்கள் தேர்ந்தெடுத்த போர்ட்டில்.

கணக்கைப் பாருங்கள். 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறத் தகவலை நொடிக்கு 60 முறை அனுப்பினால், வரிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளியையும் சேர்த்து, எச்டிஎம்ஐ வழியில் நொடிக்கு 14.26 ஜிகாபிட் தேவைப்படுகிறது. எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டின் வேகம் 10.2 ஜிகாபிட் என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றியே அனுப்பப்படுவதால், படத்துக்குக் கிடைப்பது 8.16 மட்டுமே. 30 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய 7.13 அதில் அடங்கிவிடுகிறது, 60 அடங்காது. எச்டிஎம்ஐ 2.0 தரம் 2013-இல் வெளியானாலும், 2014 செப்டம்பரில் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 970, 980 கார்டுகள் வந்த பிறகே அது கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வந்தது. எனவே உங்களுடையது 1.4 தான். அதன் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்பிளேபோர்ட், அக்காலத்துக் கார்டுகளில் பெரும்பாலும் 1.2 தரத்தைச் சேர்ந்தது. அதில் படத்துக்கு 17.28 ஜிகாபிட் கிடைக்கிறது.

ஆகவே மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டையும் கார்டின் டிஸ்பிளேபோர்ட்டையும் நேரடியாக ஒரே கேபிளால் இணையுங்கள். நடுவில் மலிவான அடாப்டரைச் செருகினால் மறுபடியும் பழைய வேகத்துக்கே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. இணைத்த பிறகும் 30 ஹெர்ட்ஸே தெரிந்தால், மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள்: பல மானிட்டர்களில் டிஸ்பிளேபோர்ட் 1.1, 1.2 என்று தேர்வு இருக்கும். பழைய கணினிகளுடன் ஒத்துப்போகும் பொருட்டு அது 1.1-இல் வைக்கப்பட்டே வருவதும் உண்டு. இந்த ஒரு தேர்வை அறியாமல் நல்ல கார்டுகளை மாற்றியவர்கள் இருப்பார்களே என்பது எனக்கு உண்மையான வருத்தம். அதன்பின் விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே பகுதியின் உயர்நிலை அமைப்புக்குச் சென்று 60 ஹெர்ட்ஸை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில கார்டுகளின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), எச்டிஎம்ஐ 1.4 வழியாகவே 4கேயில் 60 ஹெர்ட்ஸ் தர முன்வரும். நான்கு பிக்சல்களுக்குப் பொதுவாக ஒரே நிறத் தகவலை அனுப்பித் தேவையைப் பாதியாக்குவதே அதன் வழி. திரைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்தால் விளிம்புகள் கலங்கித் தெரியும். ண, ன போன்று சுழிகள் நெருங்கிய நம் எழுத்துகளை நாள் முழுவதும் படிப்பவர் அதை ஏற்கவே கூடாது.

கேள்வி: பழைய 5கே மானிட்டர் ஒன்று கைக்கு வந்தது. அதற்கு இரண்டு டிஸ்பிளேபோர்ட் கேபிள்கள் வேண்டுமாம். புதிய கார்டு வாங்கினால் ஒரே கேபிள் போதுமா?

பதில்: போதாது. 5120 × 2880 பிக்சல்களை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, இடைவெளியைச் சேர்க்காமலே 21 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும், டிஸ்பிளேபோர்ட் 1.2 அதைத் தாங்காததால், திரையை 2560 × 2880 கொண்ட இரு பாதிகளாகப் பிரித்து இரண்டு கேபிள்களில் வாங்கிக்கொள்ளும்படி 2014 வாக்கில் இவற்றை வடிவமைத்தார்கள். 2001-இல் ஐபிஎம் வெளியிட்ட டி221 மானிட்டரும் இதே வழியில்தான் இயங்கியது: 3840 × 2400 பிக்சல்களுக்கு நான்கு டிவிஐ இணைப்புகளைக் கொடுத்தும் 41 ஹெர்ட்ஸ்தான் கிடைத்தது; ஒரே இணைப்பு என்றால் 13. உங்கள் புதிய கார்டு டிஸ்பிளேபோர்ட் 1.4 தரத்தினதாக இருந்தாலும், கேபிளின் மறுமுனையில் மானிட்டர் டிஸ்பிளேபோர்ட் 1.2 ஆகவே இருப்பதால் வேகம் அதற்கேற்பவே அமையும். இரண்டு கேபிள்களையும் ஒரே கார்டில் செருகுங்கள். ஒன்றைக் கார்டிலும் மற்றொன்றை மதர்போர்டிலும் செருகினால் இரு பாதிகளும் ஒரே திரையாக இணையா.