மறு: எழுத விஷயம் இல்லை, எழுதினால் வீட்டில் சண்டை

அண்ணாச்சி, தினமும் எழுத உட்கார்ந்தால் விஷயமே சிக்கவில்லை, சிக்கியதை எழுதினால் சித்தப்பா முறைக்கிறார் என்கிறீர்கள். முதலாவதை நான் நம்பமாட்டேன். கேரள எல்லையோரப் புளியரையில் இருந்துகொண்டு விஷயம் இல்லையா? ஓணம் நெருங்கினால் காய்கறி லாரிகள் உங்கள் வழியாகத்தானே மலை ஏறுகின்றன! பாவூர்சத்திரம் சந்தையில் வெண்டைக்காய் என்ன விலை, கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் என்ன விலை, இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் உங்கள் எரிச்சலைக் கொட்டுங்கள். வெறும் எரிச்சல் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் உங்களுக்கே சப்பென்று இருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல், சரக்கு, ஊர் வம்பு எல்லாம் கலந்துதான் கிடக்கிறது. தெருவில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் கேரளப் பக்கம் போகாமல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையைக் கேளுங்கள். பத்து நாளைக்குத் தாங்கும்.

சித்தப்பா விஷயம்: பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அவர் புல்லட்டும் மூலைக்கடையும் எழுத்தில் இருந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். அவருடைய கடன், வியாதி, மகள் கல்யாணப் பேச்சு, இவற்றைத் தொடவே வேண்டாம். அவரோடு நீங்கள் அரசியல் பேசி மல்லுக்கட்டியதைத் தாராளமாக எழுதலாம். எழுதியதும் முதலில் அவரிடமே படித்துக் காட்டிவிடுங்கள்.