1740-களில் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானிய முன்னோரின் சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணவர் வீட்டார் பென்சில்வேனியாக்காரர்கள், 'ஜான் மில்லர்' என்ற முன்னோர் 1740-களில் வந்தாராம், ஜெர்மனியில் எந்த ஊர் என்று தெரியவேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது இவ்வளவுதான். ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் புரட்டிச் சலித்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சறுக்கல் அங்கேதான். ஊர்ப்பெயர் கையில் கிடைக்கும்வரை கடலைத் தாண்டவே வேண்டாம். 'எங்கள் மாமனார் நேராக ஜெர்மனியில் தேடியே கண்டுபிடித்தார்' என்று யாராவது பின்னூட்டம் போடலாம். அபூர்வமான குடும்பப் பெயர் என்றால் நடக்கும். மில்லர் என்பதன் ஜெர்மன் வடிவமான மியூல்லருக்கு நடக்காது. அது நம்மூர் முருகேசன் மாதிரி.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். அக்கால ஜெர்மன் ஆண்பிள்ளைகளுக்கு 'யோஹான்' என்பது பெரும்பாலும் சும்மா முன்னால் ஒட்டுவது. ஒரே வீட்டில் யோஹான் பேட்டர், யோஹான் யாகோப் என்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கூப்பிடுவது இரண்டாம் பெயரால். பின்னாளில் ஆங்கிலத்தில் ஜான் ஆனவர் பெரும்பாலும் தனி 'யோஹன்னஸ்'. யோஹான் பேட்டர் மியூல்லரைப் பிடித்து ஜான் மில்லர் என்று குடும்ப மரத்தில் ஏற்றிவிட்டால் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேரும்: மியூல்லரின், ஷ்மிட்டின். அதைத் தனிக் குடும்பமாக எண்ணாதீர்கள். இன்னொன்று, 'பாலு'வின் பாவும் 'பால்' என்பதன் பாவும் தமிழ் எழுத்தில் ஒன்றாக இருப்பதுபோல, தென்மேற்கு ஜெர்மன் பேச்சில் அந்த ஒலி வேறுபாடு காதுக்கே மங்கலாகத்தான் விழும். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தர் எழுதினார். ஆகவே பெக்கர் என்ற பெயரை ஆங்கில அகரவரிசையின் 2-ஆவது எழுத்திலும் 16-ஆவது எழுத்திலும் தேடவேண்டும். சில பெயர்கள் மொழிபெயர்ந்தும் போயின. ட்சிம்மர்மன், கார்பென்டர் ஆனார். 'எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள்' என்ற கதையை விட்டுவிடுங்கள். நியூயார்க்கின் அந்தக் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-ல்.

அடுத்து கப்பல் பட்டியல். 1727 செப்டம்பரிலிருந்து, பிலடெல்ஃபியாவில் இறங்கிய வெளிநாட்டு ஆண்கள், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திடவேண்டும். முழுதாகக் கிடைத்தால் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்: மாலுமித் தலைவர் கொடுத்தது, இரண்டு பிரமாணங்களுக்குமான (ஒன்று அரசருக்கு விசுவாசம், மற்றது அரியணைக்குப் போட்டியிட்டவரை மறுப்பது) கையெழுத்துத் தாள்கள். பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் இதில் இல்லை. தலைப்பில் 'பாலட்டைன்கள்' என்று இருந்தால் பாலட்டினேட் (தென்மேற்கு ஜெர்மனியின் ஒரு பகுதி) ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். வூர்ட்டம்பெர்க், அல்சாஸ், சுவிட்சர்லாந்து ஆட்களையும் அப்படித்தான் எழுதினார்கள். 'ராட்டர்டாமிலிருந்து, கடைசியாகக் கவுஸ் (இங்கிலாந்து) துறைமுகத்திலிருந்து' என்பது கப்பலின் வழி மட்டுமே.

ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே இருவரும் 1934-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பட்டியல்களில் இரண்டாம் தொகுதியைத்தான் நீங்கள் எடுக்கவேண்டும். அதில் கையெழுத்துகளின் நிழற்படிகள் இருக்கின்றன. ஏழெட்டு மியூல்லர்களில் உங்களுடையவரைப் பிரித்துக்காட்டுவது அந்தக் கையெழுத்துதான். அவருடைய உயிலோடு ஒப்பிடுங்கள். ஆனால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தின் உயில் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எழுதிய நகல். அந்தக் கையெழுத்தும் எழுத்தருடையதே. மூல உயில் இருக்கும் கோப்பைக் கேட்டு வாங்கவேண்டும். பழைய ஜெர்மன் கையெழுத்தில் e என்ற எழுத்து n மாதிரியே தெரியும், கவனம். அவர் வெறும் பெருக்கல் குறி போட்டிருந்தால் இந்த வழி அடைபட்டது.

வந்த பிறகு சில ஆண்டுகள் ஆளே காணவில்லை என்றால் பதறவேண்டாம். கப்பல் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மூன்று முதல் ஆறு ஆண்டு வரை யாரிடமாவது வேலை செய்து கழித்தார்கள். அதுவரை நிலமும் கிடையாது, வரியும் கிடையாது. நிலம் வந்தபின் மூன்று காகிதம்: ஒதுக்கீட்டு உத்தரவு, சர்வே, கடைசியில் பட்டா. பட்டா பல ஆண்டு கழித்து, நிலத்தை வாங்கிய வேறொருவர் பெயரில்கூட வரும். அதனால் ஒதுக்கீட்டு உத்தரவிலிருந்து தொடங்குங்கள். சர்வே படத்தில் நான்கு பக்கமும் அண்டை நிலக்காரர் பெயர் எழுதியிருக்கும், அத்தனையையும் குறித்துக்கொள்ளுங்கள். கவுண்டி எல்லையும் மாறியது. புதிய கவுண்டிகள் உருவான ஆண்டுகள்: லங்காஸ்டர் 1729, யார்க் 1749, பெர்க்ஸ் 1752. பெர்க்ஸில் வாழ்ந்தவரின் 1745-ஆம் ஆண்டுக் காகிதம் பெர்க்ஸில் இருக்காது.

பிறகு தேவாலயம். லுத்தரன், ரிஃபார்ம்ட் என்ற இரு புராட்டஸ்டன்ட் சபைகளும் பல இடங்களில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டாலும் பதிவேடு தனித்தனி, இரண்டையும் பாருங்கள். மென்னோனைட் என்ற இன்னொரு பிரிவு என்றால் குழந்தை ஞானஸ்நானமே இல்லை, தேடிப் பயனில்லை. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயரைவிட ஞானப் பெற்றோர் பெயர்தான் தங்கம். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தார், இல்லையென்றால் ஊர்க்காரர். அண்டை நிலக்காரர், அதே கப்பலில் வந்தவர், ஞானப் பெற்றோர், இந்த மூன்று பட்டியலிலும் திரும்பத் திரும்ப வரும் அபூர்வப் பெயர் ஒன்றைப் பிடித்து, அந்த ஆளின் ஊரைத் தேடுங்கள். மியூல்லர் அங்கேயே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கிறிஸ்டோஃப் சவுர் 1739-லிருந்து ஜெர்மன்டவுனில் அச்சிட்ட ஜெர்மன் செய்தித்தாளையும் விடாதீர்கள். 'இன்ன ஊரிலிருந்து வந்த நான் என் அண்ணனைத் தேடுகிறேன்' என்ற மாதிரி விளம்பரங்கள் அதில் உண்டு, ஊர்ப்பெயரோடு. லுத்தரன் குடும்பம் என்றால், 1742-ல் வந்த போதகர் மூலன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய அறிக்கைகளும் அச்சில் உள்ளன. நம் சீகன்பால்கு தரங்கம்பாடியிலிருந்து எழுதியவற்றை அச்சிட்டதும் அதே ஹாலேதான். இன்னொன்று, இந்தக் குடியேறிகளைக் குறிக்கும் 'பென்சில்வேனியா டச்சு' என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் இன்னும் ஹாலந்துக்காரர் என்றே மொழிபெயர்க்கிறார்கள். அது 'டாய்ச்', ஜெர்மானியர் என்று பொருள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-ல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் 11 நாள் வித்தியாசம். அதுவரை பிரிட்டிஷ் ஆண்டு தொடங்கியதும் மார்ச் 25-ல். 11 நாள் இடிக்கிறதே என்று சரியான ஆளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மரபணுச் சோதனைக்குக் காசு கட்டச் சொல்பவர்களிடம் ஒரு கணக்கு கேளுங்கள்: எட்டாம் தலைமுறையில் ஒருவருக்கு 256 முன்னோர் இடம். அதில் ஒரு மில்லரின் பங்கு எவ்வளவு மிஞ்சும்? நேர் ஆண்வழி என்றால் மட்டும் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். 'மில்லர் வம்சச் சின்னம்' விற்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஊர் கிடைத்தபின் ஜெர்மனி. புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் தளம், கட்டணம் உண்டு. 1689-லிருந்து பிரெஞ்சுப் படை எரித்த பகுதிகளில் அதற்கு முந்தைய பதிவேடு இல்லாமலே போகலாம். பண்ணை அடிமை நிலையில் இருந்தவர்கள் புறப்படும் முன் விடுதலைக் கட்டணமும் சொத்தில் பத்தில் ஒரு பங்கு வரியும் கட்டவேண்டியிருந்தது; அந்தக் கணக்குகள் ஷ்பையர், கார்ல்ஸ்ரூஹே ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. வரி கட்டாமல் ஓடியவர் என்றாலும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைப் பாருங்கள். சில போதகர்கள் அங்கே 'பென்சில்வேனியா போனான்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.