மெக்கானிக்கல் படித்தவர், ஆப்களையும் மென்பொருளையும் வடிவமைக்கும் ப்ராடக்ட் டிசைனர் ஆக முடியுமா? வரையத் தெரியாவிட்டால்? அந்த வேலையில் நிஜமாகவே என்னதான் செய்வார்கள்?

தாராளமாக முடியும். நானும் மெக்கானிக்கல்தான். முதல் வேலை சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங். அங்கிருந்துதான் டிசைன் பக்கம் வந்தேன். விஸ்காம், ஆர்க்கிடெக்சர், பி.காம் என்று பல படிப்புகளிலிருந்து வந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். முறையாகப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நினைத்தால், பி.இ. முடித்தவர்கள் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்பில் சேரலாம். மும்பை ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி 1969இலிருந்தே இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்ஐடிக்குத் (NID) தனித் தேர்வு. படிக்க வசதியும் நேரமும் இருந்தால் நல்ல வழி. இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது.

வரையத் தெரியாததைப் பற்றிக் கவலையே வேண்டாம். தாளில் கட்டம் போட்டு, இங்கே பெயர், இங்கே பட்டன் என்று எழுதத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கண்ணுக்கு லட்சணமாக அமைப்பது பழகப் பழக வந்துவிடும். வேலையின் கடினமான பகுதி வேறு. ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஒருவர் ஆப்பில் பஸ் டிக்கெட் போடுகிறார். சீட்டைத் தேர்ந்தெடுத்து, யுபிஐ பின் போட்டாயிற்று. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. ஆப்பில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யுபிஐயில் வெற்றி, தோல்வி தவிர ‘பெண்டிங்’ என்று மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. அந்த நேரத்தில் திரையில் என்ன எழுதுவது? தோல்வி என்று சிவப்பில் காட்டினால் பதறிப்போய் மறுபடி பணம் கட்டுவார். டிக்கெட் உறுதி என்று காட்டிவிட்டு, கடைசியில் பணம் வந்து சேராமல் போனால், ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பையும் பிள்ளைகளுமாகச் சீட் இல்லாமல் நிற்பார்.

இந்த இடத்தில் நல்ல டிசைனர், திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவை உடனே திறக்க மாட்டார். டெவலப்பரிடம் போய் உட்காருவார். பணம் என்ன ஆனது என்று நம் சர்வர் தானாகவே திரும்பக் கேட்குமா? எவ்வளவு நேரம் வரை கேட்கும்? அதுவரை அந்தச் சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறோமா, அடுத்தவருக்கு விட்டுவிடுகிறோமா? ஆப்பை மூடிவிட்டுப் போனவருக்கு எப்படித் தெரிவிப்போம்? பல சமயம் இந்தக் கேள்விகளை அதற்கு முன் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். பதில்கள் கிடைத்த பிறகுதான் திரை.

அந்தத் திரைக்கு விதிமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வணிகருக்கு யுபிஐயில் கட்டி உறுதியாகாத பணம் 5 நாளுக்குள் தானாகவே திரும்பி வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது தெரிந்தவர் ‘விரைவில் திரும்பக் கிடைக்கும்’ என்று மழுப்ப மாட்டார். ‘டிக்கெட் உறுதியாகாவிட்டால் பணம் ஜனவரி 17க்குள் உங்கள் கணக்குக்கே வந்துவிடும், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று தேதியோடு எழுதுவார். கீழே யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொட்டால் காப்பி ஆகிற மாதிரி. ‘மீண்டும் முயற்சி செய்’ என்ற பட்டன் அந்தத் திரையில் இருக்கவே கூடாது.

ஒரு திரைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று மீட்டிங்கில் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். போனது அவர் பணம், ஊருக்குப் போக வேண்டியதும் அவர்தான். டெஸ்டிங்கிலிருந்து வந்தது எனக்கு உதவியது இந்த இடத்தில்தான். எங்கே உடையும் என்று தேடும் கண் ஏற்கெனவே பழகியிருந்தது.

அப்புறம், செய்ததை ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். 5 பேரிடம் காட்டினாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று, ஆப்களும் இணையதளங்களும் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர்களுடைய கட்டைவிரலைக் கவனியுங்கள். இதே போன்ற ஒரு திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்ததும் ஒரு அம்மா, “நெட்டு போயிடுச்சு போல” என்று சொல்லிக்கொண்டே பேக் பட்டனை அழுத்தினார். அலுவலகத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்த பேக் பட்டனுக்கு என்ன பதில் என்பதும் அன்றே டிசைனில் சேர்ந்தது.

கருவியைப் பொறுத்தவரை ஃபிக்மா போதும். 2016இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். பிரவுசரிலேயே ஓடும், இலவசக் கணக்கே பழகுவதற்குப் போதும். உள்ளே இருப்பதற்கேற்ப கட்டம் தானே நீளும் ஆட்டோ லேஅவுட், ஒருமுறை செய்து பல இடங்களில் பயன்படுத்தும் காம்போனென்ட் இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டன் போல விரலால் தொடும் இடம் ஐபோனில் குறைந்தது 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி இருக்க வேண்டும் (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்). சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, குறைந்தது 4.5:1. வெள்ளைமேல் வெளிர்ச் சாம்பலில் எழுதினால் மானிட்டரில் அழகாகத்தான் இருக்கும், மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆப் தமிழிலும் வருமென்றால் தமிழ் வாசகத்தைப் போட்டே வரையுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ் இரண்டாம் வரிக்கு ஓடும், வரி உயரம் போதாமல் ‘கீ’யின் சுழி வெட்டுப்படும்.

வேலை தேடும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் டிசைன்களின் தொகுப்பில்) பத்து அழகான ஆப்களை அடுக்காதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றில் ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். யாரிடம் பேசினீர்கள், எதையெல்லாம் வரைந்து கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள் என்று முழுதாக எழுதுங்கள். நான் இன்டர்வியூ எடுக்கும்போது கைவிட்டவற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன். முதலிலேயே டிசைனர் வேலை கிடைக்காவிட்டால், சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் நிறுவனத்தில் டெஸ்டிங்கிலோ கஸ்டமர் சப்போர்ட்டிலோ சேருங்கள். சென்னையில் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு புகாரை எடுத்து, அதற்கு ஒரு தீர்வை வரைந்து, அங்கிருக்கும் டிசைன் டீமிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளேயே மாறுவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.