எட்டாம் வகுப்பில் கணக்குக்காக ஆங்கில மீடியத்துக்கு மாற்ற வேண்டுமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். மகள் ஏழாவது, தமிழ் மீடியம். கணக்கில் மட்டும் மார்க் வருவதில்லை. எட்டாவதை ஆங்கில மீடியத்தில் சேர்த்தால்தான் தேறுவாள் என்று டியூஷன் சென்டர்காரர் சொல்கிறார். சீட்டும் அவரே வாங்கித் தருவாராம், அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார். நாங்கள் கூலி வேலை பார்ப்பவர்கள். மாற்றட்டுமா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. மீடியத்தையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ‘ஒரு டஜன் இளநீர் 360 ரூபாய், ஏழு இளநீர் என்ன விலை?’ என்று எழுதிக் கொடுங்கள். மறுநாள் 360ஐ 12ஆல் வகுத்து 7ஆல் பெருக்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு 210 என்று சொல்லி, முதலாவதில் முழித்தால், கணக்கு வரும், கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில்தான் தடுமாற்றம். தாய்மொழியிலேயே தடுமாறுகிற பிள்ளையை ஆங்கிலக் கேள்வித்தாள் முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? இரண்டுமே வரவில்லையென்றால் வகுத்தல், பெருக்கலில் நாலாவது, ஐந்தாவதிலேயே விட்டுப்போன ஓட்டை. மீடியம் மாற்றினால் அது அடையாது.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குக் கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. தமிழில் படித்தால் பத்தாவதில் மாட்டிக்கொள்வாள் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இந்த சீட்டு புரோக்கர்கள் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, நன்கொடையும் வாங்கக் கூடாது. மீறித் தேர்வு வைத்தால் முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆக, ‘என்ட்ரன்ஸுக்குத் தயார் செய்கிறேன், சீட்டு வாங்கித் தருகிறேன்’ என்பவர் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார். ரசீது கேளுங்கள், தர மாட்டார். இவர்களிடம் போய்ச் சிக்குவது எப்போதும் கூலிக்காரர் வீடுகள்தான். அதிலும் பெண் பிள்ளை என்றால் ‘கணக்கு இவளுக்கு ஏறாது’ என்ற பேச்சு வேறு. பள்ளிகளில் என்ன, எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னைப் பேராசிரியர் இராமானுஜம் தலைமையில் கூடிய குழு, கணக்குப் படிப்பின் முதல் கோளாறே பிள்ளைகளின் பயமும் தோற்றுவிடுவோம் என்ற நினைப்பும்தான் என்று எழுதியது. எழுதி இத்தனை வருடமாகியும் எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்த கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோர்தான் மனுவோடு அலைகிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆங்கிலம் குறுக்கே வரும். மகள் பத்துக்குப் பிறகு அறிவியல் குரூப் எடுப்பதாக இருந்தால் பிளஸ் ஒன் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அதற்காக இன்றே மாற்ற வேண்டியதில்லை, இன்றே பழக ஆரம்பித்தால் போதும். ஒரு நோட்டை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பின்னம், சதவீதம், செங்கோணம் என்று எழுதி, வலப்பக்கம் ஃபிராக்ஷன், பர்சன்டேஜ், ரைட் ஆங்கிள் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பாடம் முடிய முடிய அந்தந்தச் சொற்கள். பத்தாவது முடிவதற்குள் வேண்டிய சொற்களெல்லாம் கைக்கு வந்துவிடும். கலை, வணிகப் பிரிவு என்றாலும் இந்த நோட்டு வீணாகாது. ஏற்கெனவே ஆங்கில மீடியத்தில் படிக்கிற பிள்ளையைத் தமிழுக்குத் திருப்பவும் நான் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைக்கு இதே நோட்டைத் திருப்பிப் போட்டால் சரி.

அப்புறம், எட்டாவதில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் வேண்டும் என்று கேரளத்தில் விதி வந்திருக்கிறது. அதைக் காட்டியும் சென்டர்காரர் மிரட்டுவார். அது வராத பிள்ளைக்குத் தனி வகுப்பு எடுத்து மறுதேர்வு வைப்பது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. சேர்க்கும் அன்றே ஹெச்.எம்.மிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கணக்கு எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா, தனி வகுப்பு எப்போது? சரியான பதில் இல்லையென்றால் தமிழிலேயே மனு எழுதி, டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீஸில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.