மைக் செட் அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஹாஸ்டலில் மெட்டாலிகா என்கிற அமெரிக்க மெட்டல் (அதிரடி ராக்) இசைக்குழுவை வைத்துத் தினமும் சண்டை. 1991-ல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தோடு அவர்கள் காசுக்காக மாறிவிட்டார்கள் என்கிறான் ரூம்மேட். எனக்குப் பிடித்ததே அதுதான். நான் மெட்டல் ரசிகன் இல்லையா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, இந்தக் கூச்சல் 1991-ல் ஆரம்பித்ததில்லை. 1984-ல், இரண்டாவது ஆல்பத்திலேயே, அக்கூஸ்டிக் கிதாரோடு மெதுவாகப் போகும் ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டுக்கே ‘விலை போய்விட்டார்கள்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இன்றைக்கு அதே பாட்டை ‘பழைய மெட்டாலிகா’ என்று உங்கள் ரூம்மேட் தலையில் தூக்கி வைத்திருப்பான், கேட்டுப்பாருங்கள்.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. வீரவநல்லூர் பக்கம் இருபத்தைந்து வருஷம் மைக் செட் போட்டவன். எனக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது ஸ்பீக்கர்தான். அவர்களுடைய 1988 ஆல்பம் ‘...ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கேசட்டில் பதிந்து வாங்கிவந்து எங்கள் ஸ்பீக்கர் பெட்டியில் போட்டேன். கனத்த சத்தத்துக்கு அதிர வேண்டிய பதினைந்து இன்ச் கோன் அசையவே இல்லை. ஒயர் விட்டுப்போச்சு போல என்று பின்பக்கம் திறந்து, பற்றவைப்பையெல்லாம் புதுசாக வைத்தேன். அப்பவும் அதே கதை. கோளாறு பெட்டியில் இல்லை. அடி சுரம் கொடுக்கிற பேஸ் கிதாரைக் காதில் விழாத அளவுக்குக் குறைத்து மிக்ஸிங் செய்திருக்கிறார்கள்! அவர்களுடைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்புக்குத்தான் இந்தக் கதி.

அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு மட்டும் ஒன்பதே முக்கால் நிமிஷம். மேடையில் அதை வாசித்தபோது எதிரே இருந்த முகங்களில் சலிப்பு தெரிந்ததாகக் கிதார்காரர் கிர்க் ஹாமெட்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார். சரி, சுருக்குவோம் என்று முடிவெடுத்து, பாப் ராக் என்ற தயாரிப்பாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் மோட்லி க்ரூ என்கிற பளபளப்பான ராக் குழுவுக்கு வேலை செய்தவர். மெட்டல் பையன்களுக்கு அந்தப் பெயரே கசப்பு. ஆனால் மனுஷன் பேஸைத் திரும்பக் கொண்டுவந்தார். கறுப்பு ஆல்பத்தின் ‘சேட் பட் ட்ரூ’ பாட்டில் கிதார் தந்திகளை முழுசாக ஒரு சுரம் கீழே இறக்கி வைத்தார்கள். கோயில் கொடைக்கு முந்தின சாயங்காலம் பெட்டி டெஸ்டிங்குக்கு நான் போடுவது அந்தப் பாட்டுதான். பந்தல் தகரம் அதிரும். ஒருதரம் வில்லிசைக் குழுவில் குடம் அடிக்கிறவர் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, “யாருலே இது, குடத்துக்குள்ள இடியை அடச்ச மாதிரி இருக்கு” என்றார். எனக்கு அந்த விமர்சனம் போதும்.

அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பம் 1 கோடியே 60 லட்சம் பிரதிக்கு மேல் போனது. காசுக்குத்தான் மாறினார்கள் என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். அப்படியானால் நம்ம நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தை என்ன சொல்வது? 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து ‘சிங்கார வேலனே தேவா’ வாசித்தார். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இருந்த நாகஸ்வரம் டீக்கடை ரேடியோவுக்கு வந்தது. சினிமாவுக்குப் போனாலும் ஆபேரி ராகத்தை ஆபேரியாகத்தானே ஊதினார்? மெட்டாலிகாவிலும் அப்படியே. பாட்டு நிதானமானது, நீளம் குறைந்தது, ஆனால் கிதார் தந்திகளைக் கீழ்நோக்கியே அடிக்கிற அவர்களுடைய பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்கள் ரூம்மேட் பக்கம். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்கிற அவர்களுடைய பழைய பாட்டில் நடுவே வேகம் அடங்கி, கிதார் அழுது, மறுபடி கிளம்பி வருமே, அந்த மாதிரி வளைந்து வளைந்து போகும் பாதை கறுப்பு ஆல்பத்தில் இல்லை. அது நஷ்டம்தான். அவன் கோபம் பொய் இல்லை, தேதியைத்தான் தப்பாகச் சொல்கிறான். நானாக இருந்தால் 1996-ல் வந்த ‘லோட்’ ஆல்பத்தில்தான் சண்டையைத் தொடங்குவேன். மூன்று தரம் முழுசாகக் கேட்டேன். பெட்டியும் அசைந்தது, கோனும் அசைந்தது. நான்தான் அசையவில்லை.

கேள்வி: ‘லோட்’ சமயத்தில் மெட்டாலிகாக்காரர்கள் முடி வெட்டியதற்கு ரசிகர்களுக்கு ஏன் அத்தனை கோபம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

நீளமுடிக்காக வீட்டில் அடி வாங்கின பையன்கள், அம்மா. அவர்களிடம் சொல்லாமல் வெட்டிவிட்டார்களே!

கேள்வி: கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் சினிமா மெட்டில் பாடலாமா?
– வாசகர், முக்கூடல்

நடுச்சாமத்தில் தூங்கி விழுகிற கூட்டத்தை எழுப்ப ஒன்றிரண்டு பாடட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு ஊரில் சுடலைமாடன் கதை, சாமி இறங்குகிற நேரம், அங்கேயும் சினிமா மெட்டைப் போட்டார்கள். சாமியாடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வெட்டரிவாளைக் கையில் பிடித்தபடி அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.