ஜூம் எண்ணும் வரைபட அளவையும்

கேள்வி: இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளில் 1:50,000 என்று அளவை அச்சிடப்பட்டிருக்கிறது. இணைய வரைபடத்தில் ஜூம் 10, ஜூம் 15 என்ற எண்கள்தாம் உள்ளன. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?
— வாசகர், காரைக்குடி

பதில்: தாளின் அளவு மாறாததால், அதில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர் என்று உறுதியாகச் சொல்லலாம். திரையிலோ பிக்சல்களின் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகளின்) நெருக்கம் கருவிக்குக் கருவி வேறுபடுவதால், ஒரே படம் செல்பேசியில் ஓர் அளவையிலும் கணினியில் வேறோர் அளவையிலும் அமைந்துவிடுகிறது. ஆகவே ஒரு பிக்சலுக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பதே சரியான வழி.

பெரும்பாலான இணைய வரைபடங்களில், ஜூம் 0 நிலையில் உலகம் முழுவதும் 256 பிக்சல் நீள அகலமுள்ள ஒரே சதுரத்தில் அடங்குகிறது. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் உலகப் படத்தின் நீளமும் அகலமும் இரட்டிப்பாவதால் சதுரங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. காரைக்குடி அமைந்துள்ள 10 பாகை அட்சரேகையில், ஒரு பிக்சல் நிலை 10-இல் சுமார் 150 மீட்டரையும், 15-இல் 4.7 மீட்டரையும், 18-இல் 59 செ.மீட்டரையும் குறிக்கும். அருகிலுள்ள கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடொன்று 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலை 10-இல் அதற்கு அரை பிக்சல்கூடக் கிடைக்காது. 15-இல் ஏறத்தாழ 13 பிக்சல். 18-இல் நூறு பிக்சல் கிடைப்பதால், செயற்கைக்கோள் படத்தில் வளவின் (செட்டிநாட்டு வீட்டின் உட்பகுதியின்) திறந்த முற்றத்தைக்கூடத் தனியாகப் பிரித்தறியலாம்.

நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இக்கணக்கு மாறும். லண்டனில் அதே நிலை 15-இல் ஒரு பிக்சல் சுமார் 3 மீட்டர்தான். எனவே இரண்டு ஊர்களின் பரப்பை ஒப்பிடும்போது ஜூம் எண்ணை நம்பாமல், படத்தின் மூலையிலுள்ள அளவுக்கோட்டைப் பாருங்கள். அச்செடுக்கும்போதும் அக்கோடு படத்துக்குள்ளேயே இருக்கட்டும். நகலெடுக்கையில் படம் சுருங்கினாலும் கோடும் சேர்ந்தே சுருங்கும்.