ஒரு பை டோனட்டுக்கு எழுதப்பட்ட இசை

கேள்வி: ஆர்.டி. பர்மனின் பாடல்களை ஆஷா போஸ்லே ஓர் அமெரிக்கத் தந்திவாத்தியக் குழுவோடு மீண்டும் பாடிய ஒலித்தட்டைக் கேட்டேன். செவ்வியல் குழுவொன்று இப்படியெல்லாம் செய்யுமா? அந்தக் குழுவைப் பற்றி எழுதுங்கள். (கோவை வாசகர்)

பதில்: தாங்கள் கேட்டது 2005-இல் வெளிவந்த, க்ரோனோஸ் குவார்ட்டெட்டின் ஒலித்தட்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (இன்னும் பெரிய, கனத்த குரலுடையது) என்னும் நால்வர் அமைப்புக்கு ஹைடன், மொஸார்ட், பேத்தோவன் ஆகியோர் எழுதிவைத்தவற்றை வாசித்தே ஒரு குழு வாழ்நாள் முழுவதையும் கழித்துவிடலாம். சிறந்த குழுக்கள் பல அப்படிக் கழித்தும் இருக்கின்றன. வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டனுக்கு அது போதவில்லை. வியட்நாம் போரின் நிழலில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்ப் 1970-இல் எழுதிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' என்ற படைப்பை வானொலியில் கேட்ட அவர், அதை வாசிப்பதற்காகவே 1973-இல் சியாட்டிலில் இக்குழுவைத் தொடங்கினார். ஒலிபெருக்கியுடன் இணைத்த வாத்தியங்களை வாசிப்பதோடு, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுப்பதும் பல மொழிகளில் எண்களை உச்சரிப்பதும் அப்படைப்பில் வாசிப்பவர்களின் வேலை.

அதே ஆண்டில் தமது பழைய ஆசிரியர் கென் பென்ஷூஃபிடம் ஒரு புதிய படைப்பை எழுதி வாங்கிய ஹாரிங்டன், அதற்குக் கொடுத்த சன்மானம் ஒரு பை நிறைய டோனட். (சபாக்கள் இந்த முறையைப் பின்பற்றாதிருக்கக் கடவது!) இவ்வாறு தொடங்கிய வழக்கத்தால் இக்குழுவுக்கென எழுதப்பட்ட படைப்புகளும், பிற இசையிலிருந்து நால்வருக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டவையும் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. விசித்திரமான மேடை ஒளியையும் உடையையும் விட, இப்படிப் பிறரை எழுதவைத்ததையே இவர்களது உண்மையான துணிச்சலாக நான் கருதுகிறேன்.

அவற்றில் முதலில் கேட்க வேண்டியது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988-இல் எழுதிய 'டிஃபரண்ட் டிரெயின்ஸ்'. பெற்றோர் பிரிந்துவிட்டதால் சிறுவயதில் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் இடையே ரயிலில் அலைந்த ரைக், அதே ஆண்டுகளில் தாம் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதர் என்பதால், வேறு ரயில்களில் ஏற்றப்பட்டிருக்கக்கூடும் என்று எண்ணிப்பார்த்ததன் விளைவு அது. நாஜிகளிடமிருந்து உயிர்தப்பியவர்கள் உள்ளிட்டோரின் பதிவுசெய்யப்பட்ட பேச்சில் இயல்பாக அமைந்த ஏற்ற இறக்கங்களையே அவர் ஸ்வரங்களாக்கினார்; பெரும்பாலும் பெண்குரலை வியோலாவும் ஆண்குரலை செல்லோவும் பின்தொடர்கின்றன.

பர்மன் ஒலித்தட்டைப் பொறுத்தவரை, எழுபதைக் கடந்த ஆஷாவின் குரலும் ஜாகிர் உசேனின் தபலாவும் இனிமையானவையே. ஆயினும் ஒலிப்பதிவுக்கூடத்தில் அடுக்கடுக்காகச் சேர்த்த ஒலிகளுக்கிடையே நால்வரின் வாசிப்பைத் தனித்துக் கேட்பது கடினம் என்பதால், அதை மட்டும் கொண்டு குழுவை எடைபோட வேண்டாம்.

கேள்வி: தொடக்க உறுப்பினர்கள் இன்னும் வாசிக்கிறார்களா? (அதே வாசகர்)

பதில்: ஹாரிங்டன் மட்டும். 1978-இல் சேர்ந்த வயலின் கலைஞர் ஜான் ஷெர்பாவும், அதற்குச் சற்று முன் வந்த வியோலா கலைஞர் ஹாங்க் டட்டும் 2024-இல் ஓய்வுபெற்றனர். செல்லோ கலைஞர்கள் அதற்கு முன்பே பலமுறை மாறிவிட்டனர். இளம் குழுக்களுக்காக இவர்கள் எழுதிவாங்கிய 50 படைப்புகளின் ஸ்வரத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜாகிர் உசேன் எழுதிய 'பல்லவி'யும் அவற்றுள் ஒன்று.